குளிர்ப்பெட்டிக்கு வாடகை

ஹியாமுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி இது மூன்றாம் நாள்.
வீங்கிய கன்னத்தோடு இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.
"மெல்லாமல் விழுங்க ஏதாவது செய்து வை"
என்றாள், படியிறங்கிக்கொண்டே.

எனக்குத் தெரிந்தது லிஃப்ட் பழுதுபார்ப்பது.
திரிப்போலியில் பாதி லிஃப்டுகள் நின்றுவிட்டதால்
அதுவும் கொஞ்சம் மறந்திருக்கிறது.

ரிஸ் பி ஹலீப்.
அரிசி, பால். பெயரிலேயே செய்முறை இருக்கிறது
என்று நம்பி அடுப்பைப் பற்றவைத்தேன்.

குட்டை அரிசி, ஒரு காபிக் கோப்பை.
முதலில் தண்ணீரில் வேகவேண்டும்.
பருக்கை தன் முனைகளை இழக்கும் நேரத்தில்
பாலை ஊற்றவேண்டும்.
பிறகு கிண்டவேண்டும்.
எவ்வளவு நேரம் என்று கேட்டால்
"ஆகும்வரை" என்பார்கள், எல்லாரும்.

ஜெனரேட்டர்க்காரன் வதீஃ அப்போதுதான் போன் செய்தான்.
ஐந்து ஆம்பியருக்கு இரண்டு மாத பாக்கி.
நான் வாதாடினேன், மூன்று நிமிடம், நன்றாகவே.
பால் அடிப்பிடித்தது.

துருவேறிய போல்ட்டை ஆத்திரத்தில் முறுக்கக்கூடாது,
அதே விதிதான்:
சுரண்டாமல், அடியைத் தொடாமல்,
மேலே இருந்ததை மட்டும் வேறு பாத்திரத்தில் சாய்த்தேன்.

மஸ்தகிப் பிசின் இரண்டு மணி.
தனியாக இடித்தேன், குழவியோடு ஒட்டிக்கொண்டது.
ஒரு சிட்டிகை சர்க்கரையோடு இடித்தேன், பொடிந்தது.
(மீதிச் சர்க்கரை கடைசியில்தான்.
முந்திக்கொண்டால் அரிசி விறைத்துக்கொள்ளும்.)
சோளமாவை ஆறிய பாலில் கரைத்து விட்டேன்.
கரண்டி கனத்தது.
கயிற்றில் ஆள் ஏறியது போல
கையில் அந்தக் கனம் தெரிந்தது.

அடுப்பை அணைத்த பிறகு ஆரஞ்சுப் பூநீர், ஒரு கரண்டி.
வெளியே ஆகஸ்ட்டின் புழுக்கம்.
சமையலறைக்குள் மட்டும்
ஏப்ரல் வந்து ஓரமாய் நின்றது.

ஐந்து கிண்ணங்கள்.
மேலே பிஸ்தாத் தூள்.
பன்னிரண்டு மணிக்கு ஜெனரேட்டர் அடங்கும்.
எங்கள் குளிர்ப்பெட்டி அதற்குப் பிறகு வெறும் அலமாரி.
காலைக்குள் புளித்துவிடும்.

கட்டடத்தில் சூரியத்தகடும் பேட்டரியும் வைத்திருப்பவள்
ஆறாம் மாடி நஸீஹா ஒருத்திதான்.
மார்ச் மாதத்திலிருந்து என்னோடு பேசுவதில்லை.
கரண்ட் போனதில்
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
ஒரு மணி நேரம் இருட்டில் நின்றாள்.
கரண்டின் குற்றம் என்றேன் நான்.
லிஃப்ட் உன்னுடையது என்றாள் அவள்.
அன்றிலிருந்து படிதான், அறுபத்தேழு வயதில்.

தட்டை ஏந்தி இரண்டு மாடி ஏறினேன்.
கதவு ஒரு சாண் திறந்தது.
முதலில் கிண்ணங்களைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பூநீர் எப்போது விட்டாய்?"
"அணைத்த பிறகு."
"அடிப்பிடித்திருக்கிறது."
"தெரியும்."
"ஒன்று எனக்கு. மற்றதைக் காலையில் எடுத்துப் போ."
கதவு சாத்திக்கொண்டது.
ஐந்து மாதத்தில் எங்கள் நீண்ட உரையாடல் இது.

ஏழு மணிக்கு ஹியாம் வந்தாள்,
செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்,
வலக்கன்னத்துப் பக்கமாகவே ஒரு கிண்ணத்தை முடித்தாள்.
"தீய்ந்த வாசம்" என்றாள்.
இரண்டாவதை இழுத்துக்கொண்டாள்.
பாதியில், கரண்டியைக் கையில் பிடித்தபடியே
தூங்கிப்போனாள்.

மாலை ஐந்துக்கு அரசாங்கக் கரண்ட் வந்தது,
எதிர்பாராத விருந்தாளி போல.
நடைக்கூடத்தில் அந்தப் பழைய முனகல் கேட்டது.
எந்தத் தூக்கத்திலும் எனக்கு அடையாளம் தெரியும் சத்தம்.
வெளியே ஓடினேன்.

லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நின்றது.
கதவு திறந்தது. உள்ளே ஆளில்லை.
தரையின் நடுவே என் கிண்ணம்,
கழுவித் துடைத்து,
அதற்குள் இரண்டு எலுமிச்சை.

மேலிருந்து படிக்கட்டு வழியாக ஒரு குரல்:
"வந்துவிட்டதா, நடுவில் நின்றதா?"

"வந்துவிட்டது" என்று கத்தினேன்.

சற்று நேரம் சத்தமில்லை.
பிறகு அவள் கதவு சாத்தும் ஓசை.